ஊரணிப் பாசியை நீக்க எது ஏற்றது: ஆளா, மருந்தா, புல்கெண்டையா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஊரணியில் தை மாதத்துக்குள் கலங்கல் தெளிந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கியதும் சேற்றில் கிடந்த பாசி முளைவிட்டு, பங்குனிக்குள் மேல்மட்டத்தைத் தொட்டுப் படர்ந்துவிடுகிறது. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கங்களில் ஊரணி மராமத்தைக் கவனிக்கும் காரியக்காரர்களும், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும், கண்மாயில் மீன்பாசிக் குத்தகை (மீன்பிடி உரிமை) எடுத்தவர்களும் இந்த மாதங்களில்தான் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஆள்விட்டு அள்ளுவதா, மருந்து தெளிப்பதா, நீர்ச்செடியைத் தின்னும் புல்கெண்டை மீனின் குஞ்சை வாங்கி விடுவதா என்பதே அது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் புள்ளிவரியோடு மராமத்துக்கும் பணம் அனுப்பும் வெளியூர்க்காரர்கள், மீனை விட்டால் அதுவே தின்று தீர்த்துவிடுமே, ஆண்டுதோறும் ஆள்கூலி எதற்கு என்று கேட்பதும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எந்த ஊரணி, எந்தச் செடி, எத்தனை மாதத் தண்ணீர் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

எதை வைத்து ஒப்பிடுவது

செலவை முதலில் வைத்து ஒப்பிடுகிறவர்களே பெரும்பாலும் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். ஆகையால் செலவைக் கடைசியில் வைத்துக்கொண்டு, வேறு ஐந்து செய்திகளை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவதும் முதன்மையானதும், நீக்கிய பாசி எங்கே போகிறது என்பது. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில் கலக்கும் சாக்கடை, துணி துவைக்கும் சோப்பு நீர், மாட்டுச் சாணம், வயலிலிருந்து வடியும் உரம் ஆகியவற்றில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே பாசியாக உருவெடுத்து நிற்கின்றன. பாசி கரையேறினால் அந்தச் சத்தும் கரையேறுகிறது. பாசி தண்ணீருக்குள்ளேயே அழுகினாலோ, மீன் வயிற்றின் வழியாகத் தண்ணீருக்கே திரும்பினாலோ, அடுத்த பாசிக்கு வேண்டிய எரு அங்கேயே தங்கிவிடுகிறது. மூன்று வழிகளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது அடிப்படையில் இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, வளர்ந்திருப்பது என்ன செடி என்பது. மூன்றாவது, ஆண்டில் எத்தனை மாதம், எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்பது. நான்காவது, அந்தத் தண்ணீர் குடிப்பதற்கா, குளிப்பதற்கா, கோவில் தேவைக்கா, பாசனத்துக்கா என்பது. ஐந்தாவது, அந்த நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர்ப்பணத்தில் பாசிக்காக விட்ட மீன், குத்தகைதாரர் வலையில் முதல் ஆண்டே ஏறிவிட்டால் அதைக் குற்றம் சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஏலத்தில் எடுத்தவருக்கு அந்த மீன் சொந்தம்.

செடியை இனம் காணுதல்

படித்துறையில் நின்று ஒரு கொத்தை இழுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மெல்லிய தண்டைச் சுற்றிக் கணுவுக்குக் கணு நான்கு முதல் எட்டு வரை சிற்றிலைகள் வட்டமாக அமைந்து, இலையின் ஓரம் விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் வேலம்பாசி. தாவரவியலார் ஹைட்ரில்லா என்பது இதையே. அடிச்சேற்றோடு சேர்த்து அள்ளி ஒரு சட்டியில் அலசிப் பார்த்தால், பட்டாணி அளவில் வெளிறிய கிழங்குகள் சில சேற்றிலிருந்து வெளிப்படும். செடியை எப்படி அழித்தாலும் மறு ஆண்டு அது திரும்பி வருவதற்கு இந்தக் கிழங்குகளே காரணம். சேற்றுக்குள் அவை சில ஆண்டுகள் வரை உயிரோடு கிடக்கும். போதாக்குறைக்கு, ஒரு கணு உள்ள துண்டுத் தண்டு மிதந்துபோய் வேறோர் இடத்தில் ஊன்றினாலும் புதுச்செடியாகிவிடும்.

இலையென்று தனியாகத் தெரியாமல், கையில் கசக்கினால் பூண்டு வாடை வீசினால் அது காரா என்னும் பாசிவகை. மேலே மிதக்கும் பொடியிலைகள் லெம்னாவாகவோ அசோலாவாகவோ இருக்கும். ஊதிய தண்டும் ஊதாப் பூவுமாக மிதப்பது, நம் பக்கத்தில் ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்லப்படும் செடி. செடியே இல்லாமல் தண்ணீர் மட்டும் பச்சையாக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியின் பெருக்கம். இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் புல்கெண்டையை விடுவதும், பச்சைத் தண்ணீருக்குப் புல்கெண்டையை விடுவதும் பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

முதல் வழி: ஆள்விட்டு அள்ளுவதும் தூர்வாருவதும்

பாசி எங்கே போகிறது என்ற முதல் அளவுகோலில் இந்த வழிக்கு நிகராக வேறொன்றும் இல்லை. அள்ளியது கரையேறிவிடுகிறது, அதோடு சேர்ந்து சத்தும் வெளியேறுகிறது. எல்லாவகைச் செடிக்கும் இது பொருந்தும். குடிநீர் ஊரணிக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செம்புராங்கல் சுற்றுச்சுவரும் படிகளும் வைத்து, வரத்துக்கால் எங்கிருந்து வர வேண்டும் என்று திட்டமிட்டு, கால்நடை இறங்காதபடி நம் முன்னோர் வெட்டி வைத்த ஊரணிகளின் தண்ணீரில் தேவையில்லாத எதையும் சேர்க்காமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் முதல் மராமத்து.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இதிலும் உண்டு. வேலம்பாசியின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அள்ளிய அன்றே டிராக்டரில் ஏற்றினால் தண்ணீரைச் சுமப்பதற்கே வாடகை கொடுக்கிறோம். கரையில் இரண்டு, மூன்று நாள் வெயிலில் உலர்த்திய பிறகு ஏற்றினால் நடை வெகுவாகக் குறையும். ஆனால் உலர்த்தும் இடம், வடியும் நீர் மறுபடி ஊரணிக்குள் இறங்காத சரிவில் இருக்க வேண்டும். உலர்ந்த பாசி தென்னைக்கும் வாழைக்கும் நல்ல எரு என்பதால், தோப்பு வைத்திருக்கும் ஒருவரோடு முன்பே பேசிவைத்தால் ஏற்றுக்கூலியில் ஒரு பகுதியாவது அவர் பொறுப்பாகிவிடும்.

அடுத்தது துண்டுகளின் தொல்லை. அரிவாளால் அறுத்து இழுக்கும்போது சிதறும் துண்டுகள் மிதந்துபோய் மறுபக்கம் ஊன்றிக்கொள்ளும். வேலை நடக்கும் பகுதியைச் சுற்றிச் சிறுகண் வலையைக் கட்டி, மிதப்பதை மாலையில் அரித்து எடுக்காவிட்டால் செய்த வேலையில் கணிசமானது வீண். மூன்றாவது செலவு இயந்திரத்தால் வருவது. வற்றிய ஊரணியில் ஜேசிபியை இறக்கினால் கிழங்கோடு மேல்சேறும் வெளியேறிவிடும் என்பது உண்மையே. ஆயினும் அடியில் பல காலம் படிந்து தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கும் களிமண் படலத்தையும் சேர்த்துக் கீறிவிட்டால், மறு ஆண்டு பாசி இருக்காது, தண்ணீரும் இருக்காது. எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்பதைக் கைமண்வெட்டியால் நான்கைந்து இடங்களில் குழி தோண்டிப் பார்த்து, வண்டலுக்கும் களிமண்ணுக்கும் இடையிலான நிறமாற்றத்தைக் கண்ட பிறகே ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும்.

ஆகாயத்தாமரைக்கும் இந்த வழிதான். அதன் விதை பல ஆண்டுகள் சேற்றில் முளைப்புத்திறனோடு கிடப்பதால், ஒரே ஆண்டில் தீர்த்துவிட்டோம் என்று நிறுத்திவிடாமல் அடுத்த மழைக்குப் பிறகு முளைக்கும் குட்டிச்செடிகளைப் பூப்பதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும்.

இரண்டாம் வழி: களைக்கொல்லி

கடைக்காரரிடம் கேட்டால் உடனே கிடைக்கும் தீர்வு என்பதால் பலரும் இதை நாடுகிறார்கள். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் செட்டிநாட்டு ஊரணிகளில் இதற்கு ஏறக்குறைய இடமே இல்லை. பரவலாக அறியப்பட்ட கிளைபோசேட், காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் இலைவழியே உள்ளே போய் வேலை செய்யும் மருந்து. தண்ணீருக்குள் மூழ்கிய வேலம்பாசியிடம் அது பயன்படாது. 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையும் அதன் பயன்பாட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே என்று கட்டுப்படுத்தியது. நுண்பாசிக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அளவு சற்றுக் கூடினாலும் மீனும் நத்தையும் சாகும், தாமிரமோ சேற்றில் தங்கிவிடும்.

மருந்தின் பெரிய மறைமுகச் செலவு, செத்த பாசி. ஊரணி முழுவதும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள உயிர்வளியை அது உறிஞ்சிவிட, விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கும். சத்து முழுவதும் அடியிலேயே தங்குவதால், தெளிந்த தண்ணீர் சில வாரங்களில் பச்சைத் தண்ணீராகிவிடும். மனிதர் குளிக்காத, கால்நடை குடிக்காத ஒரு பெரிய கண்மாயை ஆகாயத்தாமரை முழுமையாக மூடி, ஆளும் இயந்திரமும் நெருங்க முடியாத நிலையில் மட்டும், துறை அலுவலரின் எழுத்துமூலமான ஆலோசனையோடு பகுதி பகுதியாகத் தெளிப்பதை எண்ணிப்பார்க்கலாம்.

மூன்றாம் வழி: புல்கெண்டை

இம்மீன் நம் நாட்டுக்குரியது அன்று. உருசியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையாக ஓடும் அமுர் ஆற்றிலிருந்து தெற்கே சீனத்தின் பேராறுகள் வரை இதன் தாயகம். 1959-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கட்டாக்கில் உள்ள குள மீன்வளர்ப்பு நிலையத்தில் வளர்க்கப்பட்டது. 1957-இல் மீன்வள அறிவியலர்களான ஹிராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குன்ஹியும் நம் கெண்டைகளில் செய்து காட்டிய, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி முட்டையிட வைக்கும் முறையைப் பின்பற்றி, 1962-இல் இந்த மீனையும் அங்கே முட்டையிடச் செய்தார்கள். கட்லா, ரோகு, மிர்காலோடு வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை ஆகியவற்றையும் சேர்த்து ஆறு இனமாக வளர்க்கும் கூட்டு மீன்வளர்ப்பு நம் கண்மாய்களுக்கு வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். இன்று உலகிலேயே மிக அதிகமாகப் பண்ணையில் வளர்க்கப்படும் மீன்களில் இது முன்வரிசையில் நிற்கிறது. ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கு மேல் விளைகிறது, அதில் பெரும்பங்கு சீனத்தில்.

இதன் தாடையில் பல் கிடையாது. மீன் கழுவும்போது செவுளை அகற்றிவிட்டுத் தொண்டைப் பகுதியில் விரலை விட்டுப் பார்த்தால், வளைந்த எலும்பு ஒன்றின் மேல் பக்கவாட்டில் பள்ளங்கள் கொண்ட, சீப்பின் பற்களைப் போன்ற பற்கள் தட்டுப்படும். இலையைப் பிடித்து இழுப்பது உதடு, அறுப்பதும் நசுக்குவதும் இந்தத் தொண்டைப்பற்கள். ஆனால் தழைதின்னும் உயிருக்கு இருக்க வேண்டிய நீண்ட குடல் இதற்கு இல்லை. குடலின் நீளம் உடலைப்போல் இரண்டு, மூன்று மடங்குதான். ஆகையால் தின்றதில் ஏறக்குறையப் பாதி செரிக்காமலே, பச்சை நிறம்கூட மாறாத திப்பிகளாக வெளியேறுகிறது. இது குறையென்றும் நிறையென்றும் இருவிதமாகப் பார்க்கத்தக்கது. மீன் வளர்ப்பவருக்கு இந்தத் திப்பியே எருவாகி நுண்ணுயிரைப் பெருக்கிக் கட்லாவையும் வெள்ளிக்கெண்டையையும் வளர்க்கிறது. தெளிந்த தண்ணீரை விரும்பும் ஊருக்கோ, வேரூன்றிய பாசி போய் மிதக்கும் பச்சை வந்துசேர்கிறது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதலில் நுண்ணுயிர்களையே தின்கிறது. சில அங்குலம் வளர்ந்த பிறகே தழைக்கு மாறுகிறது. ஒரு கிலோவுக்கு உட்பட்ட மீன் வெதுவெதுப்பான தண்ணீரில் நாளொன்றுக்குத் தன் எடையளவு பச்சையைக்கூடத் தின்னும். முதிர முதிர இந்த விகிதம் குறையும். தண்ணீரின் வெப்பம் 20 முதல் 30 டிகிரி வரை இருக்கும்போது நன்றாக மேயும். உயிர்வளி லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தீனி வெகுவாகக் குறைந்துவிடும். வேலம்பாசி, நஜாஸ் என்னும் மூழ்கிய நீர்ச்செடி, காரா, லெம்னா, அசோலா ஆகியவற்றை விரும்பும். ஆகாயத்தாமரையின் வேரை வேறு வழியில்லாமல் கொறிக்கலாமே தவிர அந்தச் செடியைக் கட்டுப்படுத்தாது. சம்பும் முற்றிய கோரையும் அதற்கு உவப்பானவை அல்ல. தாமரையும் அல்லியும் பூக்கும் கோவில் குளமாக இருந்தால், விரும்பிய பாசி தீர்ந்தபின் கிழங்கிலிருந்து எழும் இளந்தளிரை இது கடிக்கும் என்பதை எண்ணிப்பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வேலம்பாசியின் தண்டை இது தின்னும், சேற்றுக்குள் இருக்கும் கிழங்கைத் தின்பதில்லை. ஆகையால் ஓர் ஆண்டு தின்று முடித்ததும் மீனைப் பிடித்துவிட்டால் கிழங்கு மறுபடி முளைக்கும். முளைப்பதை எல்லாம் கொறித்துக் கிழங்கின் இருப்பு தீரும்வரை மீன் தொடர்ந்து தண்ணீரில் இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே, சித்திரை, வைகாசியில் வற்றிவிடும் கண்மாயில் பாசிக்காகப் புல்கெண்டையை விடுவது பொருந்தாது. அங்கே எட்டு மாதத்தில் மீன் ஒரு கிலோவை நெருங்கலாம். குத்தகைதாரருக்கு அது வருமானம், பாசிக்கு அது தீர்வாகாது. தண்ணீர் வற்றி ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் புல்கெண்டையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லவும் முடியாது.

எத்தனை மீன் விடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. அரைக்கிலோ எடையுள்ள மீன் எக்டேருக்கு 300 முதல் 400 வரை விட்டால் வேலம்பாசி மண்டிய நீர்நிலை சுமார் ஒரு மாதத்தில் தெளிந்துவிடும் என்பது இந்திய மீன்வள நூல்களில் காணப்படும் கணக்கு. அந்தக் கணக்கு தவறன்று. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த மீன்கள் எதைத் தின்னும் என்பதற்கும் விடை வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சுமார் 8,100 எக்டேர் பரப்புள்ள கான்ரோ ஏரியில் 1981, 1982-ஆம் ஆண்டுகளில் 2,70,000 புல்கெண்டைகளை விட்டார்கள். 1983-க்குள் தண்ணீருக்குள் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பிறகு நுண்பாசி கூடித் தண்ணீரின் தெளிவு குறைந்தது. பரப்பைக் கொண்டு வகுத்தால் எக்டேருக்கு முப்பத்து மூன்று மீன்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, முதலில் ஆள்விட்டுப் பெரும்பகுதியை அள்ளிவிட்டு, மிச்சத்தையும் மறுமுளைப்பையும் மேய ஏக்கருக்குப் பதினைந்து முதல் இருபது மீன் விடுவதே நம் ஊரணிகளுக்குப் போதும் என்று நான் கருதுகிறேன். முதல் வேலையைக் கையும் தொடர்வேலையை மீனும் செய்யும் இந்த ஏற்பாட்டில் சத்தின் பெரும்பகுதி கரையேறிவிடுவதால், பச்சைத் தண்ணீர்த் தொல்லையும் குறைகிறது.

பெருகிவிடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. நின்ற தண்ணீரில் இது இனம் பெருக்காது. வெள்ளம் ஏறும் நீண்ட ஆற்றில் முட்டையிட்டு, அந்த முட்டைகள் அடியில் படியாமல் ஓட்டத்தோடு மிதந்துகொண்டே பொரிய வேண்டும். ஊரணியிலும் கண்மாயிலும் அந்த வாய்ப்பு இல்லை. ஆயினும் தப்பிய மீன் ஒவ்வொன்றும் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. மிகுநீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போனால் அங்கேயும் மேயும், நடவு வயலுக்குள் ஏறினால் இளநாற்றையும் விடாது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளன. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் காத்துவரும் தண்ணீர் அது. அங்கும், அதனோடு வரத்துக்காலால் இணைந்த கண்மாய்களிலும் பாசியும் நீர்ச்செடியும் பறவைகளுக்கு இரையும் மறைவும் என்பதால், புல்கெண்டையை விடும் எண்ணமே கூடாது. நாட்டு மீன்கள் பல முட்டையை ஒட்டுவதும் குஞ்சுகள் ஒளிவதும் இந்தச் செடிகளில்தான் என்பதையும் மற்ற கண்மாய்க்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மாற்றாகச் சொல்லப்படும் வேறு மீன்கள்

ஜிலேபி மீனை விட்டால் போதும் என்பார்கள். அது நூல்பாசியையும் நுண்பாசியையும் தின்னும், வேலம்பாசி மண்டியதைக் குறைக்காது. நின்ற தண்ணீரிலேயே ஓயாமல் பெருகி, மற்ற மீன்களின் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்குவதால் வெயில் இறங்காமல் பாசி குறைவது உண்டு. கலங்கிய தண்ணீரை ஏற்கும் கண்மாய்க்கு அது சரி, படித்துறை ஊரணிக்குச் சரியன்று. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வேரூன்றிய செடிகளை மேய்வதில்லை.

ஒரே பார்வையில்

| வளர்ந்திருப்பது | ஆள், இயந்திரம் | மருந்து | புல்கெண்டை |
|---|---|---|---|
| வேலம்பாசி | முதல் வேலைக்கு ஏற்றது. துண்டு சிதறாமல் அள்ள வேண்டும் | கிளைபோசேட் பயன்படாது | விரும்பித் தின்னும். கிழங்கு தங்கும் |
| காரா, நஜாஸ் | எளிதில் அள்ளலாம் | வேண்டாம் | விரும்பித் தின்னும் |
| லெம்னா, அசோலா | காற்று ஒதுக்கும் மூலையில் சிறுகண் வலையால் அரிக்கலாம் | வேண்டாம் | சிறுமீன் நன்றாகத் தின்னும் |
| ஆகாயத்தாமரை | இதுவே வழி | பெருங்கண்மாயில் மட்டும், பகுதி பகுதியாக | கட்டுப்படுத்தாது |
| தாமரை, அல்லி | வேண்டிய அளவு விட்டு மிச்சத்தைக் குறைக்கலாம் | கூடாது | முதிர்ந்ததை ஒதுக்கும், தளிரைக் கடிக்கும் |
| சம்பு, முற்றிய கோரை | வேரோடு பறிக்க வேண்டும் | கரையோரம் என்றாலும் தவிர்க்கலாம் | பயனில்லை |
| பச்சைத் தண்ணீர் | வரத்துக்கால் சாக்கடையைத் திருப்புவதே வழி | மயில்துத்தம் ஆபத்து | குணமாகாது, கூடவும் செய்யலாம் |

எந்தத் தண்ணீருக்கு எது

குடிநீர் ஊரணிக்கு ஆள் மட்டுமே. ஆண்டுக்கு ஒருமுறை மண்டிய பிறகு அள்ளுவதைவிட, தை மாதத்தில் முளைவிடும்போதே ஒருமுறையும் மாசிக் கடைசியில் ஒருமுறையும் அள்ளினால் மொத்தக் கூலி குறையும். கிழங்கு புதிதாக உண்டாவதற்கும் இடமில்லாமல் போகும்.

கோடையிலும் ஓர் ஆள் ஆழத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கிற, குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பயன்படுகிற, வேலம்பாசி மண்டிய ஊரணிக்கு ஆளும் புல்கெண்டையும் சேர்ந்த ஏற்பாடு மிகப் பொருத்தம். புல்கெண்டைக்கு உண்மையான மதிப்பு இருப்பது இங்கேதான்.

வற்றும் பாசனக் கண்மாய்க்கு, வற்றிய காலத்தில் வண்டலோடு கிழங்கையும் வாரிவிடுவதே பாசிக்கான வழி. குத்தகைதாரர் கூட்டு மீன்வளர்ப்பில் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் புல்கெண்டை சேர்ப்பது வேறு கணக்கு, அதற்கு நான் தடை சொல்லவில்லை.

சொந்தப் பண்ணைக்குட்டை வைத்திருப்பவருக்கோ கணக்கு தலைகீழாகிறது. அவருக்குப் பாசி தீர்ந்துவிடுவதுதான் கவலை. குட்டையின் கரையில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-4, கோ-5 வகைகளில் ஒன்றை நட்டு, நாள்தோறும் நறுக்கிப் போட்டால் மீன் வளரும். மிதக்கும் மூங்கில் சட்டம் ஒன்றைக் கட்டி அதற்குள் புல்லைப் போட்டால், தின்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்பது மறுநாள் காலையில் தெரிந்துவிடும். ஒரு கிலோ மீன் கூடுவதற்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் பச்சைப்புல் போகும் என்பதால், புல் அறுக்க ஆள் வைக்க வேண்டியவருக்குக் கட்டுபடியாகாது. வீட்டில் மாட்டுக்குப் புல் அறுக்கிறவர் கூடுதலாக ஒரு கட்டு அறுப்பதாக இருந்தால் கட்டுபடியாகும்.

புல்கெண்டை என்று முடிவானால்

குஞ்சின் அளவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. விரலளவுக் குஞ்சு மலிவாகக் கிடைக்கும்; விராலும் நீர்க்காகமும் தண்ணீர்ப்பாம்பும் உள்ள ஊரணியில் அதில் பெரும்பங்கு ஒரு மாதம் தாங்காது. ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சைக் கேட்டு வாங்க வேண்டும். பண்ணையிலேயே சிலவற்றைத் தட்டில் எடுத்துப் பார்த்து, நீண்ட உருளை உடலும் அகன்ற தலையும் மீசையில்லாத வாயும் உள்ளவையா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கலப்புக் குஞ்சோடு சாதாக்கெண்டையும் சேர்ந்து வந்துவிடும். அதற்கு வாயோரம் மீசை இருக்கும். உடலில் நங்கூரப்புழு என்னும் ஒட்டுண்ணி ஒட்டியிருக்கிறதா என்பதையும் துடுப்பின் அடியில் பார்க்க வேண்டும். உயிர்வளி நிரப்பிய பைகளை விடியற்காலையில் கொண்டுவந்து, பிரிக்காமல் ஊரணித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கலந்து விட வேண்டும்.

அதற்கு முன்பே வரத்துக்காலுக்கும் கலுங்குக்கும் கம்பிச் சட்டம் பொருத்தியிருக்க வேண்டும். ஓடிவரும் புதுத்தண்ணீரை எதிர்த்து நீந்தும் இயல்பு இம்மீனுக்கு உண்டு என்பதால் வரத்துக்கால் பக்கத்தை விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில் சட்டத்தில் சருகு அடைத்துக் கரை உடையாமல் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். அவருடைய சம்பளமும் மீனின் விலையோடு சேர்ந்ததே. மீன்பாசி ஏலம் விடும் நீர்நிலையாக இருந்தால், புல்கெண்டையைக் குறிப்பிட்ட ஆண்டுவரை பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். ஏலம் முடிந்த பிறகு பேசுவதால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

மூன்று ஆண்டு ஆனதும், மேய்ச்சல் குறைந்த பெரிய மீன்களைப் பிடித்துவிட்டு அதே எண்ணிக்கையில் புதியவற்றை விடலாம். பிடித்ததைக் கரையிலேயே விற்பதும் ஊருக்குப் பங்கிடுவதும் வழக்கம். சதையில் கவைமுள் உண்டென்பதால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீனே குழம்புக்கு ஏற்றது. முள் பெரிதாகித் தெரிந்து எடுக்க வரும். அறுக்கும்போது பித்தப்பையைத் தனியே எடுத்துப் புதைத்துவிட வேண்டும். மருந்தென்று நம்பி அதை விழுங்கியவர்களுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சமைத்தாலும் அந்த நச்சு போவதில்லை.